கட்டுக்கு ஒரு ஆள் குறைவு

கோகிலா பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். வெண்டலின் இடது தோளில் நூல் நூலாக நீட்டிக்கொண்டிருந்தது. சின்னக் கட்டரால் ஒவ்வொன்றாக நறுக்கி, வாயால் ஊதிவிட்டு, அடுத்த தோளுக்குப் போனாள். வெண்டல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆறரை அடி ஆள். அவர் அசைந்தால் அந்த லைன் வீட்டில் உட்கார்ந்திருக்கிற மற்ற ஆட்டக்காரர்களும் சேர்ந்து அசைய வேண்டும்.

அமெரிக்காவில் ஆட்டமெல்லாம் முடிந்து ஓய்வுகாலம் வந்துவிட்டால், டக்கோட்டா காளைகள் அணியை அப்படியே திருப்பூருக்கு ஜாப் ஒர்க் அனுப்பிவிடுவார்கள். பதினோரு பேர் ஒரு கட்டு. வீட்டுக்கு ஒரு கட்டு இறக்குவார்கள். பிசிறு வெட்டி, கறை எடுத்து, தையல் விட்ட இடத்தைக் காட்டிக் கொடுத்தால், சூப்பர்வைசர் வந்து பாஸ், ஆல்ட்டர், ரிஜெக்ட் என்று பிரித்து எடுத்துப்போவார். பாஸ் ஆனவர் திரும்பப் போய் ஆடுவார். ரிஜெக்ட் ஆனவர்களை பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் குவித்துப் போட்டு விற்பார்கள். அப்படி விலைக்குப் போன ஒருவர்தான் மூன்றாவது வீட்டில் கேஸ் சிலிண்டர் தூக்குகிறார். நல்ல உழைப்பு. இன்னும் சாயம் போகவில்லை.

காளைகளின் ஊரில், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்குக் கால்பந்து என்று பேர். ஓடுகிறவனை நாலு பேர் மேலே விழுந்து அமுக்க வேண்டும். அமுக்க விடாமல் வேறு நாலு பேர் குறுக்கே நிற்க வேண்டும். காளைகள் போன வருஷம் பதினேழு ஆட்டம் ஆடி, பதினைந்தில் தோற்றார்கள். அணியைப் புதிதாகக் கட்டுகிறோம் என்று முதலாளி சொன்னார். ஐந்து வருஷமாகக் கட்டுகிறார். வீடாக இருந்திருந்தால் பால் காய்ச்சி, வாடகைக்கே விட்டிருக்கலாம்.

வந்த வாரத்திலேயே ஆட்டக்காரர்களுக்குத் தமிழ் வந்துவிடும். போகும்போது அதை வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள்.

"எனக்குப் பாஸ் விழுமாக்கா?" என்றார் வெண்டல்.

"முழங்கால்ல தையல் விட்டிருக்குதுங்க. நான் காட்டிக் குடுக்கல" என்றாள் கோகிலா.

அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து சூப்பர்வைசரிடம் அவள் பேசிய ஒரே பேச்சு, 'சரிங்க.' மடியில் ஒன்பது மாதக் குழந்தை மிதுனா கட்டரைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் புருஷன் சிகாமணி படுத்திருந்தான். காளைகளுக்கு ஆடி மாதம் வந்தால் ஓய்வுகாலம் முடிந்துவிடும். சிகாமணிக்கு அப்படி வரம்பெல்லாம் கிடையாது.

சூப்பர்வைசர் ஈஸ்வரமூர்த்தி வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பத்து.

"இன்னொருத்தரு எங்க?"

எல்லாரும் கோகிலாவின் மாமியார் ராமாத்தாவைப் பார்த்தார்கள். ராமாத்தா கூரையைப் பார்த்தாள்.

போன வெள்ளிக்கிழமை அவிநாசியிலிருந்து ராமாத்தாவின் மகள் வந்திருந்தாள். போகும்போது அவள் பையில், முறுக்குக்குக் கீழே, கறையில்லாத ஓட்டக்காரர் ஒருவரை மடித்து வைத்து அனுப்பிவிட்டாள் ராமாத்தா. பிசிறு வெட்டுகிற வீதியில், மகள் வீட்டுக்கு ஒரு பீஸ் ஒதுக்காத தாய் யார்? பனியன் என்றால் கழிவில் எழுதிக்கொள்ளலாம். ஆளைக் கழிவில் எழுத முடியாது.

"எறக்கும்போதே பத்துத்தானுங்க" என்றாள் ராமாத்தா.

"ஆத்தா, பதினொண்ணுன்னு எண்ணி வாங்குனதே நீங்கதான்."

"அன்னிக்கு என்ற கண்ணு சரியில்லீங்க. இப்பச் சரியாயிருச்சு."

ஈஸ்வரமூர்த்தி பெருமூச்சு விட்டார். கட்டு குறைந்தால் அந்த வீட்டு ஆளை வைத்து நிரப்ப வேண்டும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சிகாமணி போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டான்.

"இந்த வருசம் எளசா எடுக்கச் சொல்லியிருக்காங்க. வயசானது எதுவும் வேண்டாமாம்" என்று சொல்லிக்கொண்டே மிதுனாவைத் தூக்கினார். மிதுனா அவர் பேனாவைப் பிடித்தாள். அவர் இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வரவில்லை.

"பிடி பிரமாதம். பந்தக் குடுத்தா விடாது. ஏத்தீரலாம்."

"என்ற பேத்தி அமெரிக்கா போறாளா!" என்று ராமாத்தா கன்னத்தில் கை வைத்தாள். "வேன்ல சன்னலோரமா உக்கார வெய்யிங்க. குடும்பத்துக்கே பெருமை."

"நல்லா வருவா" என்று போர்வைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

ஈஸ்வரமூர்த்தி கோகிலாவைப் பார்த்தார். "என்ன கோகிலா, சரிதானே?"

பழக்கதோஷத்தில் 'சரிங்க' நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அது வெளியே விழுந்தால் மிதுனா வேனில் ஏறிவிடுவாள். பால்குடி மறக்காத பிள்ளை. கோகிலா உதட்டைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினாள்.

வெண்டல் அவள் காதருகே குனிந்தார். "ஆளை மாத்திக் கேளுங்கக்கா. எங்கூர்ல அது சகசம். என்னையே ரெண்டு தடவை மாத்திருக்காங்க. ஒருக்கா எனக்குப் பதிலா அடுத்த வருசம் வரப்போற யாரோ ஒருத்தரை வாங்குனாங்க. அவருக்கு இன்னும் பேருகூட வெக்கல."

"மாத்திக்கலாமுங்களா?" என்றாள் கோகிலா.

"யாரு பேசுனது?" என்று ஈஸ்வரமூர்த்தி திரும்பிப் பார்த்தார்.

"நானுங்க. பாப்பாவுக்குப் பதிலா அத்தையை எடுத்துக்கோங்க."

"வயசானது வேண்டாம்னு இப்பத்தானம்மா சொன்னேன்."

"கொழாயடியில அத்தையைத் தாண்டி இதுவரைக்கும் ஒரு கொடம் போனதில்லீங்க. மாரியம்மன் நோம்பிக்குத் தண்ணி லாரியே நின்னு, திரும்பிப் போயிருச்சு."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அந்த வீட்டுச் சுவர்கூடக் கேட்டதில்லை. ஈஸ்வரமூர்த்தி யோசித்தார். எதையும் பார்க்காமல் பாஸ் போடுகிற ஆள் இல்லை அவர். ராமாத்தாவை வாசல்படியில் நிற்க வைத்தார். உள்ளேயிருந்து ஓடி, அவளைத் தாண்டி வீதிக்குப் போகும்படி வெண்டலிடம் சொன்னார்.

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டு ஓடினார். ராமாத்தா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். வெண்டல் பின்வாசலில், துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் கிடந்தார். முழங்கால் தையல் இப்போது எல்லாருக்கும் தெரியும்படி பிரிந்திருந்தது.

"பாத்து வரக்கூடாதா? எருமை" என்று ராமாத்தா கொசுவத்தைச் சரி செய்துகொண்டாள்.

ஈஸ்வரமூர்த்தி வெளியே போய் அமெரிக்காவுக்குப் போன் பேசிவிட்டு வந்தார். குரலே மாறியிருந்தது. "ஆத்தாளை எடுத்துக்கறாங்க. ஆனா இவங்க மதிப்பு பாப்பாவ விட ரொம்பப் பெருசு. மிச்சத்துக்கு நாங்கதான் ஒரு ஆள் தரணும். யாரு வேணும்?"

கோகிலா வெண்டலைக் கை காட்டினாள். எப்படியும் ரிஜெக்ட்டில்தானே போவார்.

ராமாத்தாவைச் சேர்த்து, வெண்டலைக் கழித்து, ஈஸ்வரமூர்த்தி மறுபடி எண்ணினார். பத்து. அவர் கண் மறுபடி மிதுனா மேல் போனது.

"அவரைக் கொசுறாப் போட்டுக்கோங்க" என்று கோகிலா கட்டிலைக் காட்டினாள்.

"இவரு என்ன பண்ணுவாரு?"

"உக்காருவாருங்க."

"அதுக்குத் தனியா ஆளு உண்டு" என்றார் வெண்டல், கல்லுக்குப் பின்னாலிருந்து. "பெஞ்சுல உக்காரணும். சீசன் பூரா. அணி ஜெயிச்சா மட்டும் எந்திரிச்சுக் கை தட்டணும்."

போர்வை விலகியது. "அடிக்கடி ஜெயிப்பாங்களா?" என்று சிகாமணி கேட்டான்.

"அந்தப் பயமே வேண்டாமுங்க."

சிகாமணி எழுந்து தானாகவே செருப்பை மாட்டினான். கோகிலா அவன் சட்டையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலை வெட்டிவிட்டாள். சேலைக்கு மேலே எழுபத்திரண்டாம் நம்பர் பனியனை மாட்டிக்கொண்டு, ராமாத்தா வேனின் முன் சீட்டில் ஏறினாள். "அடுப்பைப் பாத்துக்க அம்மிணி. தமிழை வாசல்ல எல்லாம் என்னால விட்டுட்டுப் போக முடியாது, சொல்லிட்டேன்." வேன் கிளம்பியது. கோகிலா மிதுனாவை உள்ளே தூக்கி வந்து பால் கொடுத்தாள்.

மாற்றி வந்த ஆள், போன ஆளின் இடத்தில்தான் ஆட வேண்டும். அதனால் வெண்டல் மாமியார் ஆனார். முதல் நாள் ரசத்தில் உப்பு இல்லை என்றார். மறுநாள் எதிர்வீட்டு மருமகளைப் பற்றி உயர்வாகப் பேசினார். மூன்றாம் நாள், தான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று ஆரம்பித்தார். நல்ல மாமியார்தான். குறை சொல்வதற்கில்லை. சிகாமணி இருந்த இடம் காலியாக இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவன் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லையா என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "கட்டிட்டிருக்கறோமுங்க, மெதுவா ஆகட்டும்" என்று கோகிலா எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மிதுனாவுக்குப் பருப்புச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது, வெண்டலின் மனைவி டப்னி டக்கோட்டாவிலிருந்து பெட்டியோடு வந்து வீதி முனையில் இறங்கினாள்.

"ஏ அம்மிணி! ஒன்ற மாமனாரு வந்துட்டாரு பாரு!" வெண்டல் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "சொவத்துல இருக்கற படத்தை எறக்கிட்டு, வெரசாத் தண்ணி கொண்டா!"

கோகிலா கையைக் கழுவிவிட்டு ஸ்டூலில் ஏறினாள். மாலையை எடுத்து, பொட்டைத் துடைத்து, செத்துப்போன மாமனாரின் படத்தை இறக்கினாள். புது மாமனார் வீதியில் எல்லாரையும் விசாரித்துக்கொண்டே வருகிற சத்தம் கேட்டது. இனி அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்க வேண்டுமா, இல்லை அவருக்கே நேராக இலை போட்டு...

"அம்மிணீ!"