சூரைமேட்டில் நிற்கும் நிழல்

1987 செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் சூரைமேட்டுத் தோப்பிலிருந்த இருநூற்றுப் பதினான்கு மரங்களும் வெட்டிச் சாய்க்கப்பட்டன. நிழல் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைக்குப் போகிற சாலையில், ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் இடது கைப்பக்கம் பார்த்தால் தெரியும். மேலே வெறும் ஆகாயம், கீழே குளிர்ந்த தரை. வாகையின் நிழல் வாகையாகவும் புங்கனின் நிழல் புங்கனாகவும் காலையில் மேற்கே நீண்டு, உச்சிக்குச் சுருங்கி, மாலையில் கிழக்கே சாயும். பங்குனியில் இலை உதிர்ந்து சல்லடையாகும், சித்திரையில் தளிர்த்து மூடிக்கொள்ளும். மேகம் மூடிய நாளில் ஊரிலிருக்கிற மற்ற நிழல்களைப் போல அதுவும் இருக்காது. கரியாலூரிலிருந்து கடுக்காயும் சாமையும் இறக்கிக்கொண்டு வரும் மலைக்காரர்கள் மூட்டையை வழக்கமாக வைக்கிற இடத்திலேயே வைத்து, வழக்கமாகப் படுக்கிற இடத்திலேயே படுத்தார்கள். மரம் எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை. நிழலுக்கு வந்தவர்களுக்கு நிழல் கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்த இடம் முன்பு மேய்க்கால் புறம்போக்கு. காரையும் சூரையும் ஆவாரையுமாக ஆடு மேய்ந்த குத்துக்காடு. பிறகு வேலிக்காத்தான் என்கிற சீமைக் கருவேலம் வந்து உட்கார்ந்துகொண்டது. வேலிக்காத்தானைப் பற்றித் தென்னாற்காட்டுக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1978-இல் ஊராட்சி ஒன்றியம் அந்தக் காட்டைச் சீர்செய்து பராமரிக்கச் சூரைமேட்டு மாதர் சங்கத்துக்கு ஒரு மானியம் ஒதுக்கியது. பதினெட்டுப் பெண்கள் ஒரு கோடை முழுக்கக் கடப்பாரையும் கையுமாக நின்று வேலிக்காத்தானை வேரோடு பிடுங்கினார்கள். காரையையும் ஆவாரையையும் விட்டுவைத்து, நடுநடுவே வாகை, புங்கன், வேம்பு, இலுப்பை நட்டார்கள். ஒன்றியத்தில் ஒரு வழக்கம் உண்டு. மானியத்தில் வளரும் மரம் தொடையளவு பருத்ததும் வெள்ளைப் பட்டை அடித்து அதன்மேல் தாரால் எண் எழுதிவிடுவார்கள். சூரைமேட்டுப் பெண்களுக்கு அதன்பிறகு மரத்தின் சாதி மறந்துபோய்விட்டது, எண்தான் பெயர். தொண்ணூறுக்குக் கறையான் ஏறியிருக்கிறது, நூற்றிரண்டு இந்த வருஷம் பூக்கவில்லை என்று பேசிக்கொள்வார்கள். தோப்புக்குக் காவலாக ஆயம்மாளை வைத்தார்கள். குத்தகை நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், புருஷனை மண்ணுக்குக் கொடுத்தவள், ஒரே மகன் மாயவனைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவள். பிள்ளையையும் மரத்தையும் ஒரே கையால் வளர்த்தாள் என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முப்பத்தேழாம் எண் புங்கனுக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அவனுக்குச் சோறு.

மாயவன் பன்னிரண்டாவது தேறினான், தட்டச்சு தேறினான், மூன்று முறை அரசாங்கப் பரீட்சை எழுதினான். மூன்று முறையும் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அந்த ஊரில் அவன் தலைமுறையில் யார் பெயரும் எந்தப் பட்டியலிலும் வந்ததில்லை. தங்கள் சாதியாருக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு வாரச் சாலை மறியல் அறிவிக்கப்பட்டபோது, சூரைமேட்டில் முப்பத்தொரு ஆண்கள் கோடரி எடுத்தார்கள். முதல் கோடரி மாயவனுடையது. ஆயம்மாள் சாலையோரம் வந்து நின்றாள்.

"கல்ல உருட்டி வையுங்கடா ரோட்டுல. மரம் ஒங்கள இன்னாடா பண்ணுச்சி?"

"கல்லு வெச்சா நாலு போலீஸ்காரன் தள்ளிட்டுப் போய்க்கினே இருப்பாம்மா. மரம் கெடந்தாத்தான் பஸ்ஸு நிக்கும். பஸ்ஸு நின்னாத்தான் நம்மள யாருன்னு கேப்பான்."

அவன் சொன்னது நியாயமில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை, அதுதான் அவளுக்கு வலித்தது. அவன் நேராக முப்பத்தேழாம் எண்ணிடம் போனான். தெரிந்த மரம், எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்குத் தெரியும். ஏழு நாள் அந்த மலைச்சாலையில் ஒரு சக்கரமும் உருளவில்லை. எட்டாம் நாள் மரங்களை இழுத்து அப்புறப்படுத்தினார்கள். கட்டை ஒரு பக்கம் போயிற்று, சுள்ளி ஒரு பக்கம் போயிற்று, அடிமரங்களைச் செங்கல் சூளைக்குத் தோண்டி எடுத்துப் போனார்கள். காவல் நிலையத்தில் அடையாளம் தெரியாத நபர்கள் மேல் வழக்கு எழுதப்பட்டது. அன்றிலிருந்து ஆயம்மாள் மகனுக்குச் சோறு போடுவதை நிறுத்தவில்லை, பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஒன்பதாம் நாள் வெயில் ஏறினபோதுதான் நிழல் நிற்பது தெரிந்தது. அடிமரத்தின் நிழலில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு வெளுத்த பட்டையும் அதற்குள் எண்ணும் இருந்தன. ஆயம்மாள் குனிந்து படிக்கத் தெரிந்தவள் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எழுத்து அவளுக்குத் தெரியாது, இந்த இருநூற்றுப் பதினான்கு எண்களும் தெரியும். ஒன்றும் குறையவில்லை. மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து, மரம் நின்ற இடத்தில் தண்ணீர் ஊற்றினாள். சங்கத்துப் பெண்களும் ஊற்றினார்கள். ஊற்றின நிழல் வளர்ந்தது. ஐந்தாறு வருஷத்தில் தொண்ணூறாம் எண் நிழல் சாலையைத் தாண்டி அந்தப் பக்கத்து டீக்கடை வரைக்கும் போய்விட்டது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. கோடரி எடுத்த முப்பத்தொரு பேருக்கும் அந்த நிழல் ஒதுங்கிக்கொண்டது. அவர்களில் ஒருவர் உள்ளே நடந்தால், முறம் அகலத்துக்கு வெயில் அவர் கூடவே நடந்தது. படுத்தால் பாய் அகலத்துக்கு வெயிலும் படுத்தது. டீக்கடைக் கொளஞ்சியப்பன் மூன்று வாகைகளை வெட்டியவர். தன் கடை வாசலிலேயே அவர் ஒருவர் மட்டும் உச்சி வெயிலில் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார், கடைக்கு வந்தவர்களெல்லாம் நிழலில் நின்று குடித்தார்கள். ஒரு காவலர் இதைக் கேள்விப்பட்டு வந்து, யார் யார் மேல் வெயில் அடிக்கிறது என்று அரைநாள் பார்த்துக்கொண்டு போனார். வெயிலைச் சாட்சியாகச் சேர்க்கச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று அவருடைய மேலதிகாரி சொல்லிவிட்டார். நாளடைவில் ஊர் பழகிக்கொண்டது. பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையைத் தோப்புக்குள் ஒரு நடை நடக்கச் சொல்லிப் பார்த்ததாகவும், வெயில் அடித்த மாப்பிள்ளைகளுக்கும் பெண் கிடைத்ததாகவும் தெரிகிறது. ஊருக்காகத்தானே வெட்டினான் என்று சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள்.

1989-இல் அரசாங்கம் தனி இடஒதுக்கீட்டுக்கு உத்தரவு போட்டது. சூரைமேட்டில் வெடி வெடித்தார்கள். ஆயம்மாள் வீடு வீடாகப் போய் வெல்லம் கொடுத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனாள். அந்த ஒதுக்கீட்டில் 1991-இல் பட்டியலில் வந்த முதல் பெயர் மாயவன். இளநிலை உதவியாளராக, அதே ஒன்றிய அலுவலகத்தில், தோப்புகளைப் பார்க்கிற மேசையிலேயே போட்டார்கள். அலமாரியைத் திறந்தான், சூரைமேட்டுத் தோப்புப் பதிவேடு இருந்தது. இருநூற்றுப் பதினான்கு மரங்கள், நிலை நன்று. நான்கு வருஷமாக யாரும் அதை அடித்துத் திருத்தவில்லை, பராமரிப்பு மானியமும் போய்க்கொண்டிருந்தது. அவனும் இரண்டு வருஷம் நன்று என்றே எழுதினான். பொய் எழுதுகிறோமா என்று அவனுக்கே விளங்கவில்லை.

1993 வைகாசியில் ஒரு ஜல்லிக்காரர் அந்த நிலத்தைக் கேட்டு மனுப் போட்டார். அடியில் நல்ல பாறை, மரம் ஒன்றுகூட இல்லாத தரிசு, பாறை உடைக்கக் குத்தகைக்கு விடலாம் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. புதிதாக வந்த ஒன்றிய ஆணையர் தெய்வசிகாமணி விதிமுறை தெரிந்த மனிதர், கோபப்படாதவர். கோப்பைக் கட்டிக்கொண்டு, மாயவனையும் ஏற்றிக்கொண்டு, உச்சி வேளையில் ஜீப்பில் சூரைமேட்டுக்கு வந்து இறங்கினார். ஆயம்மாளும் சங்கத்துப் பெண்களும் தோப்புக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நிலம் போனால் பாறைக்கு வெடி வைப்பார்கள், வெடித்த தரையில் எந்த நிழலும் படுக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆணையர் உள்ளே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"மாயவன், ஏன் அங்கயே வெயில்ல நிக்கறீங்க? உள்ள வாங்க."

மாயவன் உள்ளே வந்தான். வெயிலும் கூட வந்தது. ஆணையர் அதைப் பார்த்தார். ஜீப்பின் முன்பக்கத்தில் படிவத்தை விரித்து வைத்து, வீட்டு விசேஷத்துக்குச் சாமான் பட்டியல் சொல்கிற குரலில் சொன்னார்.

"நிழல் இருக்குன்னு எழுதலாம். நானே நிக்கறேனே, அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா எட்டாவது கலம் இருக்கு பாருங்க, மரம் இல்லாம போனதுக்குப் பொறுப்பு யாருன்னு. தெரியாதுன்னு போட்டா திட்டம் முடிஞ்சுதுன்னு அர்த்தம், நிலம் தரிசாயிடும், நான் கையெழுத்துப் போட்டே ஆகணும். ஒரு பேர் இருந்தா இழப்பு விசாரணை நிலுவைன்னு ஆயிடும். விசாரணை முடியறவரைக்கும் இந்த மண்ண யாரும் தொட முடியாது. விசாரணை எப்ப முடியும்னு உங்களுக்கே தெரியும்."

"யாரு பேர எழுதறமோ அவருக்கு இன்னாங்க ஆவும்?" மாயவன் கேட்டான்.

"வெளி ஆளுன்னா ஒண்ணும் பெருசா ஆவாது. அரசாங்க ஊழியர்னா, அன்னிக்கே வேலைய நிறுத்தி வைக்கணும். திரும்பக் கெடைக்குமாங்கறது என் கையில இல்ல."

கொளஞ்சியப்பன் கடையை விட்டுவிட்டு ஓடி வந்தார், அவர் மேலும் வெயில். மாயவனைத் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார்.

"எம் பேர எழுது. நான் டீக்கடக்காரன், என்னிய இன்னா பண்ணிடுவான்? இந்த வேலைக்குத்தான் வெட்னோம், மாயவா. அதையே வுட்டுட்டு நிக்கப் போறியா?"

மாயவன் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் மனதாரச் சொன்னார், அதில் சந்தேகமில்லை. எழுதியிருந்தால் வேலையும் நின்றிருக்கும், தோப்பும் நின்றிருக்கும், ஒருவரும் அவனைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் படிவத்தை எடுத்துக்கொண்டு முப்பத்தேழாம் எண் இருந்த இடத்துக்குப் போனான். நிழல் அவனுக்காக ஒதுங்கியது. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, முழங்காலில் படிவத்தை வைத்து, அலுவலகத்தில் எல்லோரும் மெச்சுகிற அந்த உருண்டைக் கையெழுத்தில் எட்டாவது கலத்தை நிரப்பினான். உச்சி வெயில் காகிதத்தில் பட்டுக் கண் கூசியது.

ஆயம்மாள் எழுந்து வந்தாள். அவனிடம் பேசி ஐந்தே முக்கால் வருஷம் ஆகியிருந்தது.

"இன்னாடா எழுதுன?"

"எம் பேரத்தாம்மா எழுதனேன்."

"வேல?"

"போவும்."

அவள் நிழலை விட்டு அவனுடைய வெயிலுக்குள் இறங்கி, அவன் முன்னால், சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றாள். உச்சி சாய்ந்துகொண்டிருந்த நேரம். அவள் நிழல் அவன் தலையிலும் தோளிலும் மடியிலிருந்த காகிதத்திலும் விழுந்தது. அது ஒதுங்கவில்லை. சங்கத்துப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்கள். ஆணையர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, வேறு எங்கேயோ பார்த்தார். அவரும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான்.

மாயவன் பதினான்கு மாதம் வேலையில்லாமல் இருந்தார், கூலிக்குக் கரும்பு வெட்டினார். பிறகு விசாரணை நிலுவையில் இருக்கும்போதே வேலை திரும்பக் கிடைத்து ரிஷிவந்தியம் பக்கம் மாற்றலானார். விசாரணை இன்றுவரை முடியவில்லை. ஆணையர்கள் பதினோரு பேர் வந்து போனார்கள், ஒவ்வொருவரும் கோப்பில் நிலுவை என்று எழுதிக் கட்டி வைத்தார்கள். ஜல்லிக்காரர் வேறு மேடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். பராமரிப்பு மானியம் வருகிறது, பெண்கள் தண்ணீர் ஊற்றுகிறார்கள், முளைவிடுகிற வேலிக்காத்தானைப் பிடுங்குகிறார்கள். முப்பத்தொரு பேரில் பாதிப் பேர் செத்துப்போனார்கள், மீதிப் பேர் மேல் இன்னும் வெயில் அடிக்கிறது. நிழல் யாரையும் மன்னித்ததாகத் தகவல் இல்லை.

ஆயம்மாள் 2004 மாசியில் இறந்தாள். அந்த ஆனியில் வழக்கமான கணக்கெடுப்புக்கு வந்த புது உதவியாளர் ராதிகா மூன்று முறை எண்ணிப் பார்த்தார். முப்பத்தேழுக்குப் பக்கத்தில், எண் இல்லாமல், இடுப்பில் குடம் வைத்த ஆள் உயரத்துக்கு ஒரு நிழல் அதிகமாக இருந்தது. பதிவேட்டில் இருநூற்றுப் பதினான்கை அடித்து இருநூற்றுப் பதினைந்து என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். ஓய்வு பெற்ற பிறகு மாயவன் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அங்கேதான் போகிறார். அந்த ஒரு நிழலில் மட்டும் அவர் உட்காரலாம்.