பதினான்கு நாள் அவகாசம்

1

இந்தக் கதை பிறந்த லட்சணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பியான்தாலின் சுற்றுலாச் சங்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஊர் எப்படிப் பனிச்சறுக்குச் சொகுசுத் தலமாக வளர்ந்தது என்று எழுநூறு சொல்லில் வரலாறு வேண்டுமாம். விடுதி அறைகளில் கட்டில் பக்கத்தில் வைப்பார்களாம். முப்பத்தொரு வருஷமாக ஊராட்சி அலுவலகத்தில் குடிப்பதிவேடு பார்க்கிறவன் நான், பெயர் பால்சர். யார் வந்தார், யார் போனார், யார் செத்தார் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. உங்களை விட்டால் ஆளில்லை என்றாள். நானும் பல்லை இளித்துக்கொண்டு சம்மதித்தேன்.

முதல் தொடக்கம்: 'ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஊருக்கு நெஞ்சு நோயாளிகள் நல்ல காற்றைத் தேடி வந்தார்கள். அவர்கள் போனபின் சறுக்குகிறவர்கள் வந்தார்கள். அவர்களை மலைமேல் இழுத்துச் செல்ல முதல் கம்பி வடம்…'

நன்றாகத்தான் இருக்கிறது, யாருக்கும் வலிக்காது. தூக்கிப் போட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: 'கவுடென்ஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்.'

இதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. எழுநூறு சொல்லும் இவருக்கே போகட்டும்.

2

கவுடென்ஸ் நாற்பது வருஷம் பனிச்சரிவுக்கு வெடி வைத்தவர். விடியற்காலையில் மலையேறி, உச்சியில் தேங்கிய பனியை வெடி வைத்துத் தானே இறக்கிவிடுவார். விருந்தாளிகள் எழுந்து காபி குடிக்கும்போது மலை சாதுவாகக் கிடக்கும். அதில் அவருடைய வலது காது போயிற்று. அவர் காவலில் ஒரு விருந்தாளிக்கும் ஒரு கீறல்கூட

[நிறுத்து. ஆளைப் புனிதராக்கப் பார்க்கிறேன். வாய்த்துடுக்கு உண்டு, சீட்டாட்டத்தில் கள்ளத்தனம் உண்டு. பிடிவாதம் கேட்கவே வேண்டாம்.]

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், பணக்கார விருந்தாளிகள் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்க ஆரம்பித்தார்கள். தெற்குச் சுவரோரம் மூன்று சிகரங்களும் தெரியும், அதற்காக. பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டோம். கவுடென்ஸ் எழுந்தார்.

"வீட்டையெல்லாம் வாங்கிட்டாங்க. குழியையுமா? இந்த ஊர்ல பதிவு இருக்கிறவனுக்கு மட்டும்தான் இங்க மண்ணு. வெளியாள் சாம்பலாக்கூட உள்ள வரக் கூடாது. யாருக்கும் விலக்கு கிடையாது, எழுதிக்கோ."

மண்டபமே கை தூக்கியது. எழுதிக்கொண்டவன் நான்.*

* பணக்காரர்கள் என்ன இளிச்சவாயர்களா? எங்கள் ஊரில் வரி குறைவு என்று தெரிந்ததும் வரிசையாக வந்து பதிவு செய்துகொண்டார்கள். வருஷத்துக்குப் பதினொரு நாள் தலைகாட்டிய ஒரு கடிகார வியாபாரி இன்று தெற்குச் சுவரோரம் படுத்திருக்கிறார். விதிப்படி அவர் எங்கள் ஊர்க்காரர்.

3

போன வருஷம், கவுடென்ஸும் மனைவி பார்லாவும் குடியிருந்த வாடகை வீட்டை அதன் சொந்தக்காரன் விற்றுவிட்டான். அவன் வேறு யாருமில்லை, பார்லாவின் தம்பிதான். வாங்கியவர் அதை இடித்து, வெந்நீர்க் குளத்தோடு விருந்தினர் மாளிகை கட்டப் போகிறார்.

[மைத்துனனைத் திட்டி ஒரு பத்தி எழுதினேன். நான்கூட என் அப்பாவின் தொழுவத்தை விற்றவன்தான் என்பது ஞாபகம் வந்தது. அடித்துவிட்டேன்.]

இருவரும் கீழே பள்ளத்தாக்கு நகரத்துக்குப் போனார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால், மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. சாமான் இறக்கிய மறுநாள் முதல் பேருந்தில் கவுடென்ஸ் மேலே வந்துவிட்டார், பதிவை நீக்க. அதற்குச் சட்டம் பதினான்கு நாள் அவகாசம் தருகிறது. மாளிகைக்காரர்கள் பதினான்கு மாதம்கூட இழுத்தடிப்பார்கள். எங்கள் ஆட்களுக்கோ ஒரு காகிதம் பாக்கியிருந்தால் சாப்பாடு இறங்காது.

"எதுக்கு இழுத்துக்கிட்டு, பால்சர்? முத்திரையக் குத்திடு."

குத்தினேன். இன்னும் நாளிருக்கிறதே அண்ணே, மெதுவாகச் செய்யலாமே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, காபி நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள், உருளைக்கிழங்கு மூட்டையோடு மாடிப்படி ஏறும்போது கவுடென்ஸ் விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

4

அம்மா அப்பா பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும் என்பதுதான் அவர் எப்போதும் சொன்னது. பார்லா அஸ்திக் கலசத்தைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு வந்தாள். ஊராட்சித் தலைவர் வருத்தம் தெரிவித்தார், விதியைக் காட்டினார், மறுபடி வருத்தம் தெரிவித்தார். பிறகு அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அந்தக் காகிதம் வரவே இல்லன்னு வெச்சுக்கோங்களேன். அவகாசம் முடியறதுக்குள்ள போயிட்டாரு. பதிவு இங்கயேதான் இருந்துச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?"

இங்கே எழுத்தர், அதாவது நான், என்ன சொன்னார் என்பதை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கண் கலங்கினார், ஒன்றில் சன்னலைப் பார்த்தார். நடந்தது இதுதான்.

"அவரே கை தூக்கின விதிதானே, பார்லா," என்றேன்.

சீ, என்ன வாய் இது. காரணம் வேறு: வரும் ஏப்ரலில் நான் ஓய்வு பெறுகிறேன். பதிவேட்டில் கை வைத்தது தெரிந்தால் ஓய்வூதியம் போய்விடும். பார்லா நகரத்துக் கல்லறையில் கலசத்தை வைக்க மறுத்துவிட்டாள். பதினொரு மாதமாகக் கவுடென்ஸ் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் இருக்கிறார்.

5

முடிவுகள்.

(அ) ஊர்க்கூட்டம் மறுபடி கூடி, மனமிரங்கி… [போன வாரம் கூடியது. புதிய வாகன நிறுத்தம் பற்றிப் பேசியது.]

(ஆ) அவர் வெடி வைத்த சரிவிலேயே பார்லா அஸ்தியைத் தூவுகிறாள். [கேட்டுப் பார்த்தேன். "சறுக்கறவன் கால்ல மிதிபடவா?" என்றாள்.]

(இ) எழுத்தர் கோப்பிலிருந்து அந்தப் படிவத்தை உருவி எடுக்கிறார். கவுடென்ஸ் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் இறங்குகிறார்.

மூன்றாவதைத்தான் உயிரைக் கொடுத்து எழுதினேன். எந்த முடிவு உண்மை என்பதை வாசகரிடமே விடுகிறேன் என்று கீழே ஒரு வரியும் சேர்த்தேன். எனக்கே பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நாலு மாடி ஏறிப் போய் பார்லாவிடம் வாசித்துக் காட்டினேன்.

கடைசிவரை கேட்டாள். நல்லா எழுதியிருக்கீங்க என்றாள். கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள்.

"ஆனா வாசிக்கிறவங்க யாரும் வந்து அவரப் பொதைக்க மாட்டாங்க, பால்சர். படிவம் உங்க அலமாரிலதானே இருக்கு?"

அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டேன். இன்று திங்கட்கிழமை, அலமாரிச் சாவி என் பையில். சுற்றுலாச் சங்கத்துப் பெண் இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டுவிட்டாள், எப்போது முடிப்பீர்கள் என்று. நான்