நீலம் என்று சொன்னது நான்தான்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வார்த்தையிலிருந்து வந்தது. அதை யோசிக்காமல் சொன்னவள் நான். வார்த்தை: நீலம். சொன்ன இடம், மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் பெண்கள் பெட்டி, டேக்கலுக்கும் மாலூருக்கும் நடுவே எங்கோ. கேட்டவள் பெயர் சாரா.

எழுத உட்கார்ந்ததும் முதல் வரி இப்படி வந்தது:

சாராவின் விரல்களுக்கு ஒரு சத்தம் தேவைப்பட்டது, ஏனென்றால் அவள் வீட்டில் யாரும்—

நிறுத்திவிட்டேன். அவளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்பது போல ஒரு குரல் அதில் இருந்தது. இரண்டாவது முயற்சி:

கோரமண்டல் லைன் வீடுகளுக்குப் பின்னால் சயனைடு மண்மேடு வெயிலில்—

இதுவும் வேண்டாம். கே.ஜி.எஃப். என்றால் எல்லோரும் மூடிப்போன சுரங்கத்தில் இறங்கித்தான் கதையை ஆரம்பிக்கிறார்கள். சாரா ஒருநாளும் அதற்குள் எட்டிப் பார்த்ததில்லை. அவள் இரண்டு மாதம் உட்கார்ந்து பார்த்தது கீபோர்டு ஸ்விட்ச்சுகளை. அங்கேயே தொடங்குகிறேன்.

2

சாராவுக்கு முப்பத்தெட்டு வயது. ஒயிட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்தில் வேலை. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாய்விட்டுப் பேசிப் பதிவு செய்வதை, ஹெட்ஃபோனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். பதினோரு வருஷமாக யார் யாருடைய ஈரலோ, முழங்காலோ அவள் விரல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் வலது மணிக்கட்டு வீங்கிற்று. ஆபீஸ் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தையும் தரைவரை குத்த வேண்டியிருந்தது. நல்ல கீபோர்டாகப் பார்த்து மாற்றுங்கள் என்றார் டாக்டர்.

எந்தக் கீபோர்டு என்று தேடப்போனவள், கீபோர்டு என்பதே வெறும் சட்டம்தான், விஷயம் உள்ளே இருக்கிற ஸ்விட்ச்சில் என்று கண்டுபிடித்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஒரு ஸ்விட்ச். சிவப்பு, தடையில்லாமல் நேராக இறங்கும். பழுப்பு, பாதி வழியில் விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு சின்ன மேட்டைத் தாண்டும். நீலமும் மேட்டைத் தாண்டும். தாண்டும்போது டிக் என்று ஊருக்கே சொல்லும். இவற்றிலேயே கனமானது, லேசானது, எண்ணெய் போட்டது, போடாதது. ஒரு விஷயத்தைப் பற்றி இவ்வளவு பேர் இவ்வளவு அன்போடு சண்டை போடுவதை அவள் பார்த்ததில்லை. அந்தச் சண்டைகளைப் படிப்பதற்காகவே சீக்கிரம் சாப்பிட்டு முடித்தாள்.

வீடு கோரமண்டலில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. அம்மா ஓசூரில் அண்ணன் கிறிஸ்டோவோடு. ஆள் குடியிருக்காவிட்டால் வீட்டை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று கிறிஸ்டோ சொன்னான். அந்த ஆள் சாரா. ஏழு வருஷமாக அவள் அந்த வீட்டுக்கு ஆளாக இருந்தாள்.

(இந்தக் கடைசி வாக்கியத்தை மூன்று தடவை வெட்டி, மூன்று தடவை திரும்பச் சேர்த்தேன்.)

ஒன்பது ஸ்விட்ச் பதித்த ஒரு மாதிரித் துண்டு கூரியரில் வந்தது. உள்ளங்கை அகலம், அமுக்கிப் பார்த்துத் தேர்வு செய்ய. அவள் அமுக்கினாள். ஒன்பதும் நன்றாக இருந்தன. அண்ணனுக்கு வீடியோ கால் போட்டு, ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டினாள்.

"டைப் அடிச்சா சரி, இதுல இன்னா கீது?" என்றான் கிறிஸ்டோ. "பின்னாடி ஷீட்டு ஒழுகுதுன்னியே, ஆள் வந்தானா?"

மறுநாள் அவள் அந்தத் துண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினாள்.

3

இங்கே நான் வருகிறேன். கிருஷ்ணராஜபுரத்தில் ஒரு கல்லூரி ஆபீசில் எனக்கு வேலை. அன்று மடியில் ஹால் டிக்கெட் பட்டியல். சாராவை முகம் தெரியும், ஒரே ஸ்டேஷனில் ஏறுகிறவள் என்ற அளவுக்கு. பேசியதில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம். இத அமுக்கிப் பாத்து எது நல்லா கீதுன்னு சொல்றீங்களா?"

விற்க வந்தவள் என்றுதான் முதலில் நினைத்தேன். (இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் நினைத்தேன்.) ஒன்பதில் மூன்றை அமுக்கினேன். மூன்றாவது டிக் என்றது.

"நீலம்," என்றேன்.

"ஏன்க்கா?"

"ஏன்னா… அமுக்கினா அமுக்கினோம்னு தெரியுது இல்ல?"

போனை எடுத்து எதையோ குறித்துக்கொண்டாள். தேங்க்ஸ் சொன்னாள். நான் பட்டியலுக்குத் திரும்பிவிட்டேன். ஒயிட்ஃபீல்டில் அவள் இறங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

அந்த வாரம் அவள் பெட்டியில் பன்னிரண்டு பெண்களைக் கேட்டிருக்கிறாள். யார், எந்த நிறம் என்று போனில் ஒரு பட்டியல். ஒன்பது பேர் பழுப்பு. சிலர் அமுக்கக்கூட இல்லை, சேலை எடுப்பதுபோல நிறத்தைப் பார்த்துச் சொன்னார்கள். நீலம் சொன்னது நான் மட்டும்.

பிறகு ஏன் நீலம் வாங்கினாள்? இதை அவளிடமே கேட்டேன். "நீங்க ஒருத்தர்தான்க்கா ஏன்னு கேட்டதுக்கு பதில் சொன்னீங்க."

4

இனி நான் இல்லாத இடம். சாரா சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

முதல் நாள் நீல ஸ்விட்ச் கீபோர்டில் டைப் அடித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. வலி குறைந்தது உண்மை; டிக் கேட்டவுடன் விரலை எடுத்துவிடலாம், தரைவரை குத்த வேண்டாம். ஆனால் அதைவிட, பதினோரு வருஷமாகத் தான் செய்துவந்த வேலையை அன்றுதான் காதால் கேட்டாள். ஒரு பாராவை வேகமாக முடித்தால் மழை ஓய்வதுபோல இருந்தது.

மூன்றாம் நாள் பக்கத்து சீட் லூயிசா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "சாரா, டாக்டர் ஃபிஃப்டீன்னு சொல்றாரா, ஃபிஃப்டின்னு சொல்றாரான்னே எனக்கு தெரியல. உன் டிக்டிக்குதான் கேக்குது."

நியாயம்தான். மருந்து அளவு. சாரா மெதுவாக அடித்துப் பார்த்தாள், அடியில் துணி மடித்துப் போட்டுப் பார்த்தாள். நீலத்தை மெதுவாக அடிக்க முடியாது. மறுவாரம் சூப்பர்வைசர் நாகேஷ் வந்தார். நல்ல மனிதர், குரல் உயர்த்தமாட்டார்.

"சாரா, பேன்ட்ரி பக்கத்துல அந்த ரூம் காலியாதானே இருக்கு. அங்க உக்காருங்க. ஸ்வல்ப தின அஷ்டே, கொஞ்ச நாள்தான்."

தண்ணீர் கேன்கள், கால் உடைந்த நாற்காலிகள், ஒரு ஜன்னல். சாரா கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனாள். லூயிசா கூட வந்து வயரைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நாள் ஐந்து மாதமாயிற்று.

யாரும் அவளைத் திட்டவில்லை, அவளிடம் யாருக்கும் கோபமும் இல்லை. மதியம் தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் கதவு வழியாக "ஹாய் சாரா" என்றார்கள். முதல் மாதம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பிறகு அவள் வருவாள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் இருந்துவிட்டாள். ஒரு பிறந்த நாளுக்குக் கேக் வெட்டி முடித்த பிறகு ஒரு துண்டைப் பேப்பர் தட்டில் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். கேக் நன்றாக இருந்தது என்றாள் சாரா.

5

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஆறு மாதம் கழித்துக் கோரமண்டல் பிளாட்பாரத்தில் அவளே வந்து, "அக்கா, உங்க நீலம் வாங்கினேன்" என்றாள். வண்டி ஏறியதிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை சொன்னாள். குறை சொல்லவில்லை. நல்ல ஸ்விட்ச் என்று இரண்டு தடவை சொன்னாள்.

அன்றிரவே ஒரு கதை எழுதினேன். அதில் சாரா அந்த அறையில் உட்கார்ந்து அழுகிறாள். கண்ணீர் கீபோர்டில் விழுகிறது. டிக் டிக் என்பது யாரோ கதவைத் தட்டுவது போல அவளுக்குக் கேட்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அடுத்த வாரம் பிரிண்ட் எடுத்து, ரயிலில் அவளிடமே கொடுத்தேன்.

பங்காருபேட்டையில் படிக்க ஆரம்பித்து, மாலூரில் முடித்தாள்.

"நான் அழவே இல்லையேக்கா."

"கதைக்காக எழுதினது சாரா."

"கதவு தட்ற மாதிரி எல்லாம் கேக்கல. டிக்குன்னு கேட்டுது, அவ்ளோதான்." இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். "வேற வழி இல்லாம அந்த ரூம்ல கீறேன்னு எழுதிகீறீங்க. அதுவும் தப்பு. சத்தம் வராத ஸ்விட்ச் கீது. உள்ள ரப்பர் வெச்சது. ஒரு எழுத்துக்கு ஒண்ணுன்னு எண்பத்தேழு வாங்கி ஆபீஸ் டிராயர்லயே வெச்சிகீறேன். இந்த கீபோர்டுல பழச புடுங்கிட்டு புதுச மாட்டலாம். ஒரு மணி நேர வேலை."

"எப்ப வாங்கின?"

"அந்த ரூமுக்கு போன ரெண்டாவது வாரம்."

ஐந்து மாதம். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்ன ஏன் மாத்தல?"

"மாத்தினா வெளிய போய் உக்காரணுமேக்கா."

"அதானே வேணும்?"

"யாரும் வான்னு சொல்லலையே." தாள்களை நேராகத் தட்டி என் மடியில் வைத்தாள். "யாராச்சும் ஒருத்தர் வந்து, சாரா, அத மாத்திட்டு வெளிய வாயேன்னு சொன்னா, அன்னிக்கே மாத்திடுவேன். நானே மாத்திகினு போயி நின்னா, அவங்களுக்கு நான் வேணுமா வேணாமான்னு எனக்கு எப்படி தெரியும்?"

ஒயிட்ஃபீல்டு வந்தது. இறங்கிப்போனாள்.

6

எழுதிய கதையைக் கிழித்துவிட்டு முடிவுகளை யோசித்தேன்.

ஒன்று: நாகேஷுக்கு ஒருநாள் உறைக்கிறது. அவரே கதவைத் திறந்து— இல்லை. ஐந்து மாதம் உறைக்காதது என் வசதிக்காக உறைக்காது.

இரண்டு: சாரா அந்த அறையை நேசிக்கக் கற்றுக்கொள்கிறாள், ஜன்னலில் ஒரு செடி— இதை எழுதியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மூன்று: யாரோ ஒருத்தர் கூப்பிடுகிறார்கள்.

மூன்றாவதில் வெகுநேரம் நின்றேன். அந்த யாரோவை லூயிசாவாக்கலாம், தண்ணீர் பிடிக்க வருகிற யாரையாவது ஆக்கலாம். பேனா என் கையில்தான் இருந்தது. ஆனால் சாரா சொன்னது அலுவலகத்தைப் பற்றி மட்டும்தானா என்று ஒரு சந்தேகம். அவள் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு லைன் தள்ளி. ஒரே பிளாட்பாரத்தில் எத்தனையோ வருஷம். அவளுக்கு முப்பத்தெட்டு வயது என்பதுகூடக் கதை எழுதுவதற்காக நான் கேட்டுத் தெரிந்துகொண்டது.

போன் போட்டேன். "சாரா, அந்த கீபோர்டு, டிராயர்ல கீற ஸ்விட்ச் எல்லாத்தையும் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு எடுத்துனு வா. ஞாயித்துக்கிழமை நான் வரேன். மாத்தலாம்."

"நீங்க எங்க ஆபீஸ் இல்லையேக்கா," என்றாள்.

"இல்லதான். ஆனா வரேன்."

"சர்ச் முடிஞ்சி வாங்க. பதினோரு மணிக்கு மேல."

போனேன். மேஜையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டிருந்தாள். கொக்கி மாதிரி ஒரு சின்னக் கருவியால் அவள் நீலத்தைப் பிடுங்க, நான் புதியதைப் பொருத்தினேன். நாலாவதிலேயே அழுத்திவிட்டேன், அதன் செப்புக் கால் வளைந்துபோயிற்று. "நேரா வெச்சி அப்புறம் அமுக்குங்கக்கா," என்று கையைப் பிடித்துக் காட்டினாள். அதற்கப்புறம் எதுவும் வளையவில்லை. ஒரு மணி நேர வேலை என்றாளே, மூன்று மணி நேரம் ஆயிற்று. ஏனென்றால் பேசினோம். என்ன பேசினோம் என்பது இந்தக் கதையில் வராது. நடுவில் அவள் அரிசி களைந்து வைத்தாள். சாப்பிடுகிறீர்களா என்று என்னைக் கேட்கவில்லை, இரண்டு பேருக்கு வைத்தாள்.

முடிந்ததும் இரண்டு வரி டைப் அடித்துப் பார்த்தாள். மாவில் விரல் வைப்பதுபோல ஒரு மந்தமான ஓசை.

"எப்படி கீது?"

"நீலம்தான் நல்லா இருந்துது," என்றாள். "ஆனா இது பரவாயில்ல."

7

திங்கட்கிழமை சாரா பேன்ட்ரி அறைக்குப் போகவில்லை. கீபோர்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் பழைய இடத்துக்குப் போனாள்.

அவளுடைய சீட்டில் வேறொருவர் இருந்தார். இவான் என்று புதிதாகச் சேர்ந்த பையன், சேர்ந்து மூன்று வாரம். சாரா என்று ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியாது. அவன் தலை நிமிரவில்லை. லூயிசா முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். எட்டு மேஜை, எட்டு ஹெட்ஃபோன். எல்லோர் காதிலும் ஏதோ ஒரு டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒன்பதாவதாக ஒரு மேஜை காலியாக இருந்தது. அதில் யாருடைய பையோ இருந்தது.

சாரா நின்றாள். கூப்பிடாமல் வந்து நிற்பதை அவள் அதுவரை செய்ததில்லை. கீபோர்டின் வயர் அவள் முழங்காலில் ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்ததைச் செவ்வாய்க்கிழமை ரயிலில் சொன்னாள். எனக்குத் தெரியும். இங்கே எழுதி முடித்துவிடலாம். அது நல்லதாக இருந்தால் நீங்கள் நிம்மதியாகவும், கெட்டதாக இருந்தால் வருத்தமாகவும் பக்கத்தை மூடிவிட்டுப் போவீர்கள். இரண்டிலும் எனக்கு இஷ்டமில்லை. ரயிலில் நாங்கள் பன்னிரண்டு பெண்களும் அப்படித்தான் ஆளுக்கொரு நிறம் சொல்லிவிட்டு இறங்கிப்போனோம்.

ஆகவே அவள் இன்னும் நிற்கிறாள். அந்த எட்டு பேரில் ஒருவர் நீங்கள். காலி மேஜையில் இருக்கிற பை உங்களுடையது. காதில் டாக்டர் ஒருவர் யாருடைய நுரையீரலைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருக்கிறார், பாதி வாக்கியம் போயிருக்கிறது. ஓரக்கண்ணில் யாரோ நிற்பது தெரிகிறது.