மோதிர விரல்

பூமிகாவுக்குப் பயமெல்லாம் தன் வலது கை மேல்தான். அந்த நகங்களைப் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்து வைத்திருந்தாள். நாளைக் காலை தஞ்சாவூர் ஸ்டுடியோவில் அவைதான் வேலை பார்க்க வேண்டும். ஸ்பானிஷ் கிட்டாரில் நகம் போனால் நாதம் போச்சு.

ஆல்பம் விஸ்வாவுடையது. ஜாஸ், ஃபிளமெங்கோ, கியூபா தாளம் எல்லாம் போட்டுக் கிண்டிய கலவை. நன்னிலம் பக்கத்தில் அவன் தாத்தாவுக்கு நிலம் இருந்தது. அதில் பூமிகா வீட்டார் நடவு நட்டார்கள். இப்போது அவன் சென்னையில் பியானோ வாசிக்கிறான். கடைசிப் பாட்டு மட்டும் பூமிகாவுடையது. அவளே கட்டியது, கிட்டார் ஒன்றுதான். கல்லூரி விடுதியில் யாரோ விட்டுப்போன கிட்டாரில் தட்டித் தட்டிக் கற்றவளுக்கு அது சும்மா வந்த இடமில்லை.

காலையில் அம்மா செந்தாமரை வந்து நின்றாள். "பறிச்ச நாத்து கரையில கிடக்கு. பேசுன ஆளுல பாதி வரலை. நீ எறங்கு."

"நாளைக்கு ரெக்கார்டிங்மா."

"நாத்துக்கு நாளைன்னு ஒண்ணு கிடையாதுடி."

குத்தகை வயல். வாடினால் இவர்கள் தலையில்தான் விடியும். இறங்கினாள்.

நாற்றைச் சேற்றில் ஊன்றக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் வேண்டும். கிட்டாருக்கும் அவைதான் முதலில். அதனால் நாற்று முடியை, அந்தக் கட்டை, வலது கையில் பிடித்துக்கொண்டு இடது கையால் நட்டாள்.

பக்கத்து வரிசையில் அம்சம் நிமிர்ந்தாள். "என்னடி இது, பட்டதாரி நடவா? டிகிரி வாங்குனா கை மாறிப்போயிடுமா?"

"நகம் உடைஞ்சா வாசிக்க முடியாதுக்கா."

"எங்களுக்கெல்லாம் மரத்துல செஞ்சா வச்சிருக்கு விரல?"

எல்லோரும் சிரித்தார்கள். பூமிகாவுக்கு அவர்கள் மேல் கோபமில்லை. போன வாரம் விஸ்வா கேட்டிருந்தான்: "நடவுச் சத்தம் கொஞ்சம் பதிவு பண்ணி அனுப்பேன், ஆரம்பத்துல சேர்த்தா நன்னாயிருக்கும்." சத்தம் வேணுமாம். சேறு நமக்காம்.

பின்தங்குகிறவளைச் சுற்றி நட்டு, நடுவில் நிறுத்திவிடுவது அந்த வயலில் வாடிக்கையான கேலி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூமிகாவைச் சுற்றிப் பச்சை வளையம் மூடிக்கொண்டது.

"இப்ப எப்படி வருவே, மிதிக்காம?" என்றாள் அம்சம்.

காலை எடுத்தாள். சேறு விடவில்லை. இழுத்தாள், சாய்ந்தாள். விழும்போது எந்தக் கையை ஊன்றுவது என்று யோசிக்க யாருக்கு நேரமிருக்கிறது? வலது கை முழங்கைவரை போய்விட்டது. உள்ளே ஏதோ நத்தை ஓடு சுருக்கென்றது.

வாய்க்காலில் ஒவ்வொரு விரலாகக் கழுவினாள். கட்டைவிரல் இருக்கிறது. ஆள்காட்டி, நடுவிரல் இருக்கின்றன. நடவுக்கே வேண்டாத மோதிர விரல் நகம்தான் சதையோடு பிய்ந்திருந்தது. அவள் பாட்டில் ஒரே சுரம் நடுங்கி நடுங்கி ஓடும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றையும் அந்த விரல்தான் எடுத்துக்கொடுக்கும்.

வரப்பில் போன் அடித்தது. விஸ்வா.

"நகமெல்லாம் ஜாக்கிரதையா இருக்கா? ஏதாவதுன்னா இப்பவே சொல்லிடு. அந்தப் பாட்ட நானே பியானோவுல வாசிச்சுடறேன்."

"இருக்கு," என்றாள்.

அம்மா ரத்தத்தைப் பார்த்தாள். "ஏண்டி பொய் சொல்றே?"

"மூணு இருக்குல்ல."

"ஏறு. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

வீட்டில் விரலைத் துடைத்துக்கொண்டு கிட்டாரை எடுத்தாள். மூன்று விரல் மணியாக விழுந்தது. நாலாவது வெறும் சதை, சேற்றிலிருந்து காலை உருவுவதுபோல் மொத்தென்றது. வேகத்தைக் கூட்டினால் மறையும் என்று நினைத்தாள். கூட்டினாள். விரல் எரிந்தது. பரவாயில்லை, யாருக்குத் தெரியப்போகிறது.

இந்தப் பாட்டை ஒருநாளும் உட்கார்ந்து கேட்டிராத அம்மா, கொல்லையில் கால் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"ஏண்டி, எங்கேயோ இடறுதே?"

அம்மாவுக்கே கேட்கிறது.

பூமிகா முதலிலிருந்து ஆரம்பித்தாள்.