மெத்தைக் கடையில் பிடித்த சத்தம்

தென்றலின் கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி முப்பது கிலோ. அதைப் பெங்களூரு பஸ்ஸில் ஏற்ற முடியாது. அதன் சத்தத்தை மட்டும் பிடித்து, கையடக்க டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயரில் ஏற்றிக்கொண்டு அங்கே கச்சேரிக்குப் போகலாம் என்றாள். அவளோடு டிரம்ஸ் வாசிக்கும் மாறன் நம்பவில்லை.

"பெட்டி இல்லாம அந்த சத்தம் வராது. கேட்டதுமே கண்டுபிடிச்சிடுவேன்."

செங்கம் ரோட்டில் தென்றலின் தோழி தஹ்சீனுக்கு மெத்தைக் கடை இருந்தது. எதிரொலியே இல்லாத அதன் குடோனில் பெட்டியை வைத்து, தோழிகள் இருவரும் எதிரில் மைக்கை நிறுத்தினார்கள். அடியிலிருந்து உச்சம்வரை ஏறும் ஓர் ஒலியைத் தென்றல் பெட்டி வழியே அனுப்பினாள். மைக்கில் பதிந்ததை வைத்து, பெட்டியின் குணத்தைக் கம்ப்யூட்டர் ஒரு ஃபைலாக மாற்றியது. அந்த ஃபைல் வழியே கிட்டார் வாசித்தால் தகரம்போல் கீச்சிட்டது. பதினோரு முறை பதிந்தும் அப்படியே.

"மைக் ஸ்பீக்கருக்கு நட்டநடுவுல இருக்குதுடி. கொஞ்சம் ஓரமா தள்ளு" என்றாள் தஹ்சீன்.

இரண்டு விரல் தள்ளினார்கள். பன்னிரண்டாவது முறை பெட்டியின் சத்தம் அப்படியே வந்தது; தென்றலுக்குப் புல்லரித்தது.

உடனே மாறனை வரவழைத்து, ஹெட்போனை மாட்டி, கடையில் உட்காரவைத்தார்கள். குடோனில் ஒலிக்கும் பெட்டியை மைக் வழியாகவும், பிறகு ஃபைலையும், எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தாள் தென்றல்.

"ரெண்டாவதுதான் பெட்டி. அந்த கனம் வேற எதுல வரும்?"

"அதுதான்டா ஃபைலு!" என்றாள் தென்றல்.

தஹ்சீன் மெத்தைக் குவியலில் விழுந்து சிரித்தாள். மாறன் மறுபடி கேட்டான், மறுபடியும் தப்பாகவே சொன்னான். பிறகு அவனும் சிரித்துவிட்டு, பக்கத்து மெத்தையில் இரண்டு கையாலும் தாளம் போட ஆரம்பித்தான். தென்றல் ஆம்பைக் கடை ஸ்பீக்கரில் செருகி வாசித்தாள். தலையணை வாங்க வந்தவர்கள் கைதட்டினார்கள்.