குறட்டை விட்ட விதைநெல்

விதைப்புப் பருவத்தைத் தொடங்கிவைக்கும் கோகு மழைக்கு மறுநாள் எங்கள் சோங்கோக் ஊரில் ஊறப்போட்ட விதைநெல், அந்த வருடம் குறட்டை விடத் தொடங்கியது. முந்தைய அறுவடையில் அடைமழை பிடித்து மற்ற நெல்லெல்லாம் கதிரிலேயே முளைத்துவிட்டதால், பதினெட்டு வீட்டுக்கும் மிஞ்சியது பொதுக்கொட்டகைத் தொட்டியில் கிடந்த அந்த நெல்தான். ஐந்தாம் நாள் வெள்ளை முனை தெரிந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் நாளும் தெரியவில்லை. குறட்டை மட்டும் வரப்பு வரைக்கும் கேட்டது.

ஊர்த்தலைவர் தாக் சாங்மான் அழைத்ததன் பேரில் விதை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கூக் யோங்ஹி என்ற பெண் வந்தாள். தொட்டியில் காதை வைத்துக் கேட்டாள், ஒரு கைப்பிடி நெல்லைக் கொண்டுபோய்ப் பிளந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"விதை உயிரோடத்தான் இருக்கு, தலைவரே. தூங்குன்னு சொல்ற மரபணு வாய மூட மாட்டேங்குது. எந்திரின்னு சொல்ற மரபணு, அது முடிக்கட்டும்னு மரியாதையா காத்துக்கிட்டு நிக்குது."

"நம்ம ஊர்க் கூட்டம் மாதிரியே இருக்கே. அத அடக்க மருந்து இல்லையாம்மா?"

குளிரில் வைத்தும் வெதுவெதுப்பில் வைத்தும் பார்த்தாயிற்று, இனி தனக்குத் தெரிந்த வழி இல்லை என்றாள். அந்த வருடம் பட்டினிதான் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

நாற்பது வருடம் அந்தத் தொட்டிக்குக் காவல் படுத்தவர் மல்சுன் அக்காவின் கணவர். ஊறப்போடுவதற்கு முந்தின நாள் இறந்துபோனார். எழவு வீட்டுக்குப் போனவர் விதைத்தொட்டியைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் எங்களில் ஒருவர்கூட அடக்கத்துக்குப் போகவில்லை. அக்கா தனியாகவே அவரை அவருடைய பூர்வீக ஊரில் புதைத்துவிட்டு, தீட்டுக் கழிய வாசலில் மூட்டிய வைக்கோல் தீயைத் தாண்டி வீட்டுக்குள் போனவள், வெளியே வரவே இல்லை.

பதின்மூன்றாம் நாள் காலையில் நேராகக் கொட்டகைக்கு வந்தாள். தலைவர் வழிமறித்தார்.

"விடுங்க தம்பி. மூச்சிழுத்து, நிறுத்தி, ரெண்டு விசில். இந்தக் குறட்டைய எனக்குத் தெரியாதா?"

தீட்டுப் படாமல் தொட்டியை மூடியிருந்த பைன் கிளைகளை விலக்கிக் குனிந்தாள். "ஏங்க, விடிஞ்சிருச்சு. எந்திரிங்க. ஊரே காத்துக்கிடக்கு."

குறட்டை நின்றது. மதியத்துக்குள் தொட்டி முழுக்க வெள்ளை முனைகள். தலைவர் அங்கேயே மண்டியிட்டு அவளை வணங்கினார், நாங்களும் வணங்கினோம். அன்றே பதினெட்டு வீட்டாரும் அக்கா கணவரின் சமாதிக்குப் போய் அழுதுவிட்டு வந்தோம். அந்த வருடம் நாங்கள் உண்ட ஒவ்வொரு கவளமும் அக்கா போட்டது.

இப்போதும் ஒவ்வொரு வருடமும் நெல் குறட்டை விடுகிறது, நான்காம் நாள் அக்காதான் வந்து எழுப்புகிறாள். சில வருடங்களில் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, "இன்னைக்கு ஒரு நாள் தூங்கட்டுமே," என்பாள். எங்கள் ஊர் நடவு ஒரு நாள் பிந்தும்.