இடம்பெயர்ந்த பாலைமரங்கள்

தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம் சாம்பல்தீவுக் காட்டிலிருந்து முதலாவது பாலைமரம் எழும்பிப் போனது. வைகாசிக்குள் வீரை, முதிரை எல்லாமாக நாற்பத்தொரு மரங்கள் போய்விட்டன. அடிக்கட்டை இல்லை, கோடாலிச் சிராய் இல்லை. முழங்காலளவு குழி மட்டும் கிடந்தது. மாட்டுக்குத் தீனாகும் என்று திட்டக்காரர் எங்கிருந்தோ கொண்டுவந்து நட்ட இப்பில் இப்பில் மரம் ஒரு கிழமைக்குள் அந்தக் குழியில் முளைத்துவிடும். அதன் கீழ் வேறொன்றும் முளைக்காது. பட்ட விறகு பொறுக்கக் காட்டுக்குள் போக ஆமியின் பாஸ் வைத்திருந்தவன் விறகுக்காரன் மூத்ததம்பி ஒருவன்தான் என்பதால் ஊர் அவனைச் சந்தேகித்தது. இன்னுமொரு மரம் குறைந்தால் அவனைப் பிடித்துக்கொண்டு போவோம் என்று ஆமிக் காவலரணான சென்றியில் சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி குணமணிக்கும் சந்தேகம்தான்.

"ஒளிக்காமல் சொல்லுங்கோ, ஆருக்கு வித்தனீங்கள்?"

"கோடாலி வைக்கேல்லையடி. குழைதான் பிழைச்சுப் போச்சு."

காட்டுக்குள் இறங்குமுன் ஐயனாருக்கென்று காட்டுமரக் குழையொன்றை முறித்து எல்லைமரத்தில் தொங்கவிடுவது விறகுக்காரரின் வழக்கம். மார்கழி மழையில் அவசரப்பட்டு, கைக்கெட்டிய இப்பில் இப்பிலை முறித்துத் தொங்கவிட்டிருக்கிறான்.

"வந்த மரத்தின்ர கையில வீட்டுப் பூட்டுத் திறப்பைக் குடுத்திட்டு, என்னட்டையும் மறைச்சிருக்கிறீங்கள்," என்றாள் குணமணி.

அதையும் அவள் முழுதாக நம்பவில்லை. மிஞ்சியிருந்த பெரிய பாலையில் சுண்ணாம்பால் கோடு கீறிவிட்டு வந்தாள். விடிந்து போய்ப் பார்த்தபோது குழிதான் இருந்தது. மத்தியானம் மூத்ததம்பியைக் கொண்டுபோனார்கள். குணமணி ஈரமண் சிந்திக்கிடந்த தடத்தைப் பிடித்து நடந்தாள். தடம் சென்றிக்கு முன்னாலேயே போயிருந்தது. மரத்திடம் அடையாள அட்டை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அது போய் முடிந்த இடம் உப்புவெளி அகதிமுகாம். அங்கே கொட்டில்களுக்கிடையில் நாற்பத்திரண்டு மரங்களும் நின்றன. வாய் திறந்தால் விசாரணை வருமென்று முகாமில் எல்லோருக்கும் பயம். பக்கத்துக் கொட்டில்காரர்தான் கொண்டுவந்தார் என்று ஆளுக்காள் சந்தேகித்தபடி கிளைகளில் உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள்.

குணமணி, ஊர்ப் பதிவு பார்க்கும் விதானையார் காசிநாதரைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதிவுப் புத்தகத்தை விரித்தார்.

"குடும்பத் தலைவர் ஆர், பிள்ளை?"

"சுண்ணாம்பு பூசின அவர்தான், ஐயா."

இடம்பெயர்ந்த காரணம் என்ற இடத்தில் 'இடநெருக்கம்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். கப்டன் வந்து இரண்டுதரம் எண்ணினார். கணக்குச் சரியாக இருந்தது. பின்னேரமே மூத்ததம்பி வீடு வந்தான். அடுத்த கிழமையிலிருந்து முகாம் பங்கீட்டில் மரமொன்றுக்கு ஒரு வாளி தண்ணீர் சேர்க்கப்பட்டது. மரங்கள் நடந்துபோனதைச் சாம்பல்தீவில் இப்போது எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். உப்புவெளியில் இடமிருக்கிறதென்று அவற்றுக்குத் தகவல் கொடுத்தவன் மூத்ததம்பிதான் என்கிறார்கள்.